காலியாக விடப்படும் இரண்டடி

வடக்கனந்தலுக்கு அருகே, கல்வராயன் மலையடிவாரத்தில் உள்ள கோமுகி அணையின் முழு உயரம் 46 அடி. ஆயினும் மழைக்காலத்தில் நீரை 44 அடியில் நிறுத்திவிட்டு, மேற்கொண்டு வருவதை ஆற்றில் திறந்துவிடுவதே வழக்கம். கோடையில் பயிர் காய்வதைக் கண்ட விவசாயிக்கு அந்த இரண்டடி இழப்பாகவே படும். ஆனால் மலையில் இரவில் கொட்டும் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை.

அணை 1960களில் எழுந்தது. இந்த எச்சரிக்கையோ மிகப் பழையது. நமது ஏரிகளின் கலிங்குகள் மீது வரிசையாகக் கற்கள் நடப்பட்டிருப்பதைப் பலர் கண்டிருக்கலாம். பெருமழைக் காலத்தில் அவற்றின் இடைவெளிகள் திறந்தே கிடக்கும். மிகுதி நீர் வழிந்து அடுத்த ஏரிக்குப் போய்விடும். பருவம் முடியும் தறுவாயில் மண்ணும் புல்கரணையும் இட்டு அவ்விடைவெளிகளை அடைத்து, மேலும் சிறிது நீரைத் தேக்குவார்கள். ஒரு வாரம் முந்தி அடைத்தால் கரைக்கு ஆபத்து. பிந்தினால் கடைசித் தண்ணீருக்குப் பஞ்சம். சங்கிலியாக அமைந்த ஏரிகளில் மேலேரி உடைந்தால் அந்த வெள்ளத்தைக் கீழேரிகளும் தாங்கியாக வேண்டும்.

எனவே கல்லைவிட, அதை அடைக்கும் நாளை முடிவு செய்பவர் யார் என்பதே முக்கியம். 919, 921 ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை வழியே தேர்வான ஏரி வாரியத்தைப் பேசுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு அதில் இடமில்லை. இதை நாம் பெருமையுடன் மேற்கோள் காட்டுகிறோம். சொந்த நிலம் இல்லாதவருக்கும் இடமில்லை என்ற விதியை மெல்லக் கடந்துவிடுகிறோம்.

1858இன் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் இன்னும் வெளிப்படையானது. கரை உடையும் அபாயம் நேர்ந்தால் உழைக்கும் வகுப்பினரில் உடல் வலுவுள்ள ஆண்களை வேலைக்கு அழைக்க அது அதிகாரம் தந்தது. காக்கப்பட்ட வயல் ஒருவருடையது, நள்ளிரவில் மண் சுமந்த தலை வேறொருவருடையது. குடிமராமத்து என்ற சொல்லின் இனிமையில் இது எளிதில் மறைந்துபோகிறது. அதே பெயரில் 2017இல் தமிழக அரசு ஏரிகளைத் தூர்வார முற்பட்டபோது, அப்பணிகள் பாசன விவசாயிகளின் சங்கங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றில் உறுப்பினராக ஆயக்கட்டில் நிலம் இருக்க வேண்டும்.