தானே ஆறும் சுவர்

எங்கள் தோட்டப் பள்ளியின் சிமெண்டுத் தொட்டியில் முன்பொரு முறை முடியளவு விரிசல் கண்டு நீர் கசிந்தது. சில வாரங்களில் கசிவு தானாகவே நின்றது. விரிசலின் மேல் வெள்ளைப் பொருக்குப் படிந்திருந்தது. "யார் சார் பூசினது?" என்றான் ஒரு பையன். யாரும் பூசவில்லை. சிமெண்டிலுள்ள சுண்ணாம்பு நீரில் கரைந்து, கரியமில வாயுவுடன் கூடிக் கல்லாகி, வழியை அடைத்துவிட்டது.

பழைய சுண்ணாம்புச் சாந்துக்கும் இக்குணம் உண்டு. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய ரோமானியச் சுவர்கள் இன்றும் நிற்பதற்கு, சாந்தில் கரையாமல் தங்கிய சுண்ணாம்புக் கட்டிகளும் ஒரு காரணம் என 2023இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். விரிசலில் நீர் இறங்கினால் கட்டி கரைந்து அதை அடைக்கிறது.

ஆனால் சுண்ணாம்பை முழுக்க நம்பவும் முடியாது. மதுரை வட்டார வயல்களுக்கு நீர் தரும் முல்லைப் பெரியாறு அணையைப் பென்னிகுவிக் 1887 முதல் 1895 வரை சுண்ணாம்பும் சுர்க்கியும், அதாவது சுட்ட செங்கல் தூளும் கலந்து எழுப்பினார். அங்கே அழுத்தத்தோடு கசிந்த நீர் சுண்ணாம்பை அரித்துக்கொண்டு போயிற்று. 1979க்குப் பின் கான்கிரீட்டாலும் இரும்பு வடங்களாலும் அணையைப் பலப்படுத்த வேண்டி வந்தது.

1824இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். சிமெண்டு சீக்கிரம் இறுகும், பலமும் அதிகம். ஆனால் உள்ளே இரும்புக் கம்பி வைக்கத் தொடங்கியதும் விரிசல் ஆபத்தாயிற்று. நம் ஜொகூர் மழை அதன் வழியே இறங்கினால் கம்பி துருப்பிடித்து உப்பிக் கான்கிரீட்டைப் பிளக்கும். எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் லயத்து விரிசலை வெள்ளையடித்து மறைத்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் வாசல் மேல்தளம் பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, அப்போது எல்லாரும் வேலைக்காட்டில் இருந்தார்கள்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஹெங்க் யோங்கர்ஸ் என்பவர் உறங்கும் நுண்ணுயிர்களை உணவோடு கான்கிரீட்டில் கலந்தார். நீர் பட்டதும் அவை விழித்து, உணவைச் சுண்ணாம்புக் கல்லாக மாற்றின.

நம் ஸ்கூடாயில், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், வேறு வழி தேடினர். இரண்டு குழாய்களில் விற்கும் எப்பாக்சிப் பசையைப் பார்த்திருப்பீர்கள்; ஒன்று பசை, மற்றது அதை இறுக வைப்பது. அவர்கள் பசையை மட்டுமே சிமெண்டுச் சாந்தில் சேர்த்தனர். சிமெண்டின் காரமே இறுக வைக்கும் வேலையைப் பார்த்தது. இறுகாமல் மிஞ்சிய பசை, விரிசல் விழுந்தபோது அதற்குள் புகுந்து இறுகிற்று. பசை அளவு மீறினால் சாந்தின் பலமே குறைந்துவிடும் என்பதால், எவ்வளவு சேர்ப்பது என்பதிலேயே அவர்கள் பாடு அதிகம்.

இவையெல்லாம் மெல்லிய விரிசலுக்கே உதவும். நம் பழைய வீடுகளில் இவை இல்லை. தலைக்குமேல் தளத்தில் பழுப்புக் கறை கண்டால், உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்று கொள்க. ஆபீசுக்கு எழுதிக் கொடுங்கள்; அதுவரை அதன் கீழே தொட்டில் கட்ட வேண்டாம்.