காரியஸ்தரிடம் ஒரு சாவிக்கொத்து

ஒரு பில் கணக்கு காணாமல் போன கதையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

இடம், கலிஃபோர்னியா. காலம், 1970களின் பிற்பாதி. கம்பெனியின் பெயர் டைம்ஷேர். அந்நாளில் கம்ப்யூட்டர் என்பது ஆளுக்கொன்று வாங்கி மேஜைமேல் வைத்துக்கொள்கிற சமாசாரமில்லை. ஒரு பெரிய அறையை அடைத்துக்கொண்டு நிற்கும். விலையைக் கேட்டால் மயக்கம் வரும். எனவே டைம்ஷேர் மாதிரி கம்பெனிகள் பெரிய மெஷினாக வாங்கிப் போட்டு, டெலிபோன் லைன் வழியே பலருக்கும் வாடகைக்கு விட்டன. நம்மூர் வாடகை சைக்கிள் கடை மாதிரியேதான். ஓட்டிய நேரத்துக்குக் காசு. யார் எவ்வளவு ஓட்டினார்கள் என்கிற கணக்கு, 'பில்' என்று பெயரிட்ட ஒரு ஃபைலில் ஏறிக்கொண்டே இருக்கும்.

அதே மெஷினில் ஒரு கம்பைலர் இருந்தது. நாம் ஃபோர்ட்ரானில் எழுதிக்கொடுப்பதை மெஷினுக்குப் புரிகிற பாஷைக்கு மாற்றித் தருகிற புரோகிராம். வாடிக்கையாளர்கள் அந்த மொழியின் எந்தெந்த வசதிகளை அதிகம் உபயோகிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள கம்பெனிக்கு ஓர் ஆசை வந்தது. சரி, கம்பைலரே கணக்கெடுத்து எழுதி வைக்கட்டுமே? அதற்காக, கம்பெனியின் சொந்த அலமாரியில் எழுதுகிற உரிமையை கம்பைலருக்குக் கொடுத்தார்கள். பில் ஃபைல் இருந்ததும் அதே அலமாரியில்தான்.

ஒரு நாள் ஒரு வாடிக்கையாளர் வந்தார். கம்பைலரை அழைத்தார். பிழை திருத்துவதற்கான குறிப்புகளை எந்த ஃபைலில் எழுத வேண்டும் என்று பெயர் சொல்லும் வசதி அதில் உண்டு. மனிதர் சொன்ன பெயர், பில்!

கம்பைலர் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. நேரே ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் போய் நின்றது. வந்திருப்பது யார்? கம்பைலர். அதற்கு அந்த அலமாரியில் எழுத அனுமதி இருக்கிறதா? இருக்கிறது. அப்புறமென்ன, எழுதிக்கொள். எழுதியது. யார் யார் எவ்வளவு பாக்கி என்கிற விவரம் மொத்தமும் போச்சு.

இப்போது சொல்லுங்கள், இதில் யார் குற்றவாளி? வாடிக்கையாளர் பூட்டை உடைக்கவில்லை. பாஸ்வேர்ட் திருடவில்லை. ஒரு பெயர் சொன்னார், அவ்வளவுதான். கம்பைலர் பாவம், சொன்னதைச் செய்தது. ஆபரேட்டிங் சிஸ்டம் சட்டப்படி நடந்துகொண்டது. ஆனாலும் கணக்கு காலி.

டைம்ஷேரில் பணியாற்றிய நார்ம் ஹார்டி என்பவர் இதை 1988ம் வருடம் ஒரு சிறிய கட்டுரையாக எழுதினார். சிறியதுதான். ஆனால் கம்ப்யூட்டர் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் மறக்காத கட்டுரை. அந்த கம்பைலருக்கு அவர் சூட்டிய பெயரைத் தமிழில் 'குழம்பிப்போன காரியஸ்தர்' என்று சொல்லலாம். பண்ணையார் வீட்டுக் காரியஸ்தர் இடுப்பில் சாவிக்கொத்து இருக்கிறது. அது பண்ணையார் கொடுத்தது. ஆனால் வாசலில் வந்து நிற்கிற எவன் சொன்னாலும் அவர் போய் நெல் குதிரைத் திறப்பார் என்றால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

இந்தப் பழங்கதை எதற்கு இப்போது? இன்றைக்கு நாம் எல்லோருமே அப்படியொரு காரியஸ்தரை வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம். ஏ.ஐ. உதவியாளர் என்று அதற்குப் பெயர்.

2022 நவம்பர் 30ம் தேதி சாட்ஜிபிடி வெளியானபோது உலகமே வாயைப் பிளந்தது. கவிதை கேட்டால் எழுதியது. கணக்கு கேட்டால் போட்டது, சமயத்தில் தப்பாக. ஆனால் ஒரு விஷயம் மட்டும் அதற்கு முடியவே முடியாது. 'போன மாசம் நமக்கு யார் யார் பணம் தரணும்?' என்று கேட்டுப் பாருங்கள். திருதிருவென்று முழிக்கும். அல்லது மனசாட்சியே இல்லாமல் ஏதாவது ஒரு பதிலைக் கட்டிவிடும். ஏனென்றால் அது படித்ததெல்லாம் ஊருக்குப் பொதுவான எழுத்து. உங்கள் கடைக் கணக்கு அதில் இல்லை.

இதற்கான வைத்தியத்தை 2020லேயே பேட்ரிக் லூயிஸ் என்பவரும் அவரது சகாக்களும் ஓர் ஆய்வுக் கட்டுரையில் எழுதியிருந்தார்கள். யோசனை ரொம்ப எளிமையானது. கேள்வி வந்ததும் நேரே பதில் சொல்லாதே. முதலில் ஆவணக் குவியலில் தேடு. சம்பந்தமுள்ள பக்கங்களை உருவி எடு. அவற்றைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு பதிலை எழுது. புத்தகத்தைத் திறந்துவைத்துப் பரீட்சை எழுதுகிற மாதிரி.

அப்படியானால் புத்தகங்களைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டுமல்லவா? உங்கள் மெயில், உங்கள் ஃபைல்கள், வாடிக்கையாளர் பட்டியல், வங்கி விவரம். ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில், ஒவ்வொரு பூட்டுக்குள். ஒவ்வொரு பூட்டுக்கும் தனித்தனியே வழி செய்துகொண்டிருந்தால் தாவு தீர்ந்துவிடும். பத்து உதவியாளர்கள், நூறு சேமிப்பு இடங்கள் என்றால் ஆயிரம் இணைப்புகள். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் இதற்கொரு பொது ஒழுங்கை வெளியிட்டது. எம்.சி.பி. என்று பெயர். டேட்டா இருக்கிற இடத்தின் வாசலில் ஒரு சின்ன சர்வர் உட்கார்ந்திருக்கும். உதவியாளர் வந்து 'உன்னிடம் என்னென்ன உண்டு, என்னென்ன செய்வாய்?' என்று கேட்கும். சர்வர் பட்டியல் கொடுக்கும். பிறகு கொடுக்கல் வாங்கல். எல்லா சார்ஜருக்கும் ஒரே பின் மாதிரி. 2025 மார்ச்சில் போட்டிக் கம்பெனியான ஓப்பன் ஏஐயும் இதை ஏற்றுக்கொண்டது.

ஆக, இணைப்பது சுலபமாகிவிட்டது. சாவியைக் கொடுப்பதுதான் சிக்கல்.

சாவி கொடுத்து நாம் சூடு பட்ட கதை ஒன்று உண்டு. 2000களின் மத்தியில் இணையத்தில் புதிதாக ஏதாவது ஒரு தளத்தில் சேர்ந்தால், 'உங்கள் நண்பர்கள் யாராவது இங்கே இருக்கிறார்களா பார்க்கலாமா?' என்று தேனொழுகக் கேட்கும். பார்க்கலாமே என்றால், 'உங்கள் மெயில் பாஸ்வேர்டைக் கொடுங்கள்' என்று ஒரு கட்டத்தை நீட்டும். கொடுத்தோமா இல்லையா? லட்சக்கணக்கில் கொடுத்தோம். முகவரிப் பட்டியல் வேண்டும் என்று கேட்டவரிடம் வீட்டுச் சாவியையே கழற்றிக் கொடுத்தோம்.

இந்தக் கூத்துக்கு முடிவு கட்ட வந்ததுதான் ஓஆத் என்கிற ஏற்பாடு. 2007 டிசம்பரில் முதல் வடிவம் வந்தது. இதன்படி பாஸ்வேர்டை யாருக்கும் தர வேண்டாம். இன்ன தளத்துக்கு, இன்ன விவரத்தை மட்டும், பார்க்க மட்டும் என்று தனியாக ஒரு சாவி வெட்டித் தரப்படும். வேண்டாமென்றால் அந்த ஒரு சாவியை மட்டும் செல்லாததாக்கலாம். நல்ல ஏற்பாடு. எம்.சி.பி.யிலும் பின்னால் அனுமதி விவகாரத்துக்கு இதையே எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் சாவியை எவ்வளவு அகலமாக வெட்டுவது என்பதை மனிதர்கள்தானே தீர்மானிக்கிறார்கள்? ஃபேஸ்புக்கில் நடந்தது ஞாபகமிருக்கும். கேம்ப்ரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரின் கேள்வி பதில் ஆப் ஒன்றுக்கு சுமார் 2,70,000 பேர் அனுமதி கொடுத்தார்கள். அன்றைய விதிப்படி அந்த அனுமதி, கொடுத்தவரின் நண்பர்களுடைய விவரங்களையும் திறந்துவிட்டது. கேம்ப்ரிட்ஜ் அனலிட்டிகா என்கிற அரசியல் ஆலோசனைக் கம்பெனிக்கு அதெல்லாம் போய்ச் சேர்ந்தது. 2018 மார்ச்சில் குட்டு உடைந்தது. 8 கோடியே 70 லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. இந்தியக் கணக்கு இன்னும் விசேஷம். ஆப்பை நிறுவியவர்கள் 335 பேர். பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர். அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 2019ல் 500 கோடி டாலர் அபராதம் போட்டது.

335 பேர் தம்முடைய கதவைத்தான் திறந்தார்கள். திறந்துகொண்டதோ ஐந்தரை லட்சம் வீடுகள். 'என் டேட்டா' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அடுத்தவருடையது. உங்கள் மெயில் பெட்டியில் இருப்பது ஊரார் உங்களை நம்பி எழுதியது. டாக்டரின் ஃபைலில் இருப்பது நோயாளியின் உடம்பு. கடைக்காரரின் நோட்டில் இருப்பது வாடிக்கையாளரின் கடன்.

சரி, காரியஸ்தரிடம் திரும்புவோம். பழைய கம்பைலருக்கு, ஃபைல் பெயர் என்றொரு சின்ன இடத்தில் மட்டும்தான் அடுத்தவர் வாய் திறக்க முடிந்தது. ஏ.ஐ. உதவியாளர் விஷயம் அப்படியில்லை. அதற்கு எல்லாமே எழுத்துதான். நீங்கள் இடுகிற கட்டளையும் எழுத்து. அது படிக்கிற கடுதாசியும் எழுத்து. எது எஜமான் சொன்னது, எது கடுதாசிக்குள் எவனோ எழுதிவைத்தது என்று பிரித்துப் பார்ப்பதில் அது தடுமாறுகிறது. 2022 செப்டம்பரில் சைமன் வில்லிசன் என்கிற மென்பொருள் நிபுணர் இதற்கு 'பிராம்ப்ட் இன்ஜெக்‌ஷன்' என்று பெயர் வைத்தார்.

சும்மா பயமுறுத்துகிறார்கள் என்று நினைத்தவர்களுக்கு 2025 ஜூனில் பதில் வந்தது. மைக்ரோசாஃப்டின் கோபைலட் உதவியாளரில் ஓர் ஓட்டை இருந்ததை எய்ம் என்கிற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். எக்கோலீக் என்று பெயர். யாரோ ஒருவன் உங்களுக்கு ஒரு மெயில் அனுப்புகிறான். நீங்கள் அதைத் தொடக்கூட வேண்டாம். என்றைக்கோ ஒரு நாள் உதவியாளரிடம் நீங்கள் ஏதோ கேட்க, அது தேடும்போது இந்த மெயிலையும் உருவி எடுக்கிறது. உள்ளே பதுங்கியிருக்கும் கட்டளையைக் கண்ணும் கருத்துமாக நிறைவேற்றுகிறது. உங்கள் உள்வீட்டு விவரம், ஒரு படத்தின் முகவரிக்குள் ஒளிந்துகொண்டு வெளியே போய்விடும். மைக்ரோசாஃப்ட் ஓட்டையை அடைத்தது. வாடிக்கையாளர் எவரும் பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது. நல்லது. ஆனால் கதை அப்படியே டைம்ஷேர் கதைதான், கவனித்தீர்களா? அங்கேயும் பூட்டு உடைபடவில்லை. இங்கேயும் இல்லை. வாசலில் நின்றவன் ஒரு வார்த்தை சொன்னான். காரியஸ்தர் குதிரைத் திறந்துவிட்டார்.

என்னதான் செய்வது? இணைக்கவே வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. நாள் பூரா தேடுகிற காகிதத்தை அது ஒரு நொடியில் எடுத்துக் கொடுக்கிறது. அந்தச் சுகம் தெரிந்தவர்கள் விட மாட்டார்கள்.

வழி பழைய காகிதங்களிலேயே இருக்கிறது. 1975ல் சால்ட்சர், ஷ்ரோடர் என்று இரண்டு பேர் எழுதிவைத்தார்கள்: எந்தப் புரோகிராமுக்கும் அதன் வேலைக்குத் தேவையான உரிமைக்கு மேல் ஒரு பிடி கூடத் தராதே. ஹார்டி சொன்னதும் அதை ஒட்டித்தான். காரியஸ்தர் இடுப்பில் கொத்தாகத் தொங்கவிடாதே. வேலையைச் சொல்லும்போதே அந்த வேலைக்கான சாவியையும் கொடு. வில்லிசன் 2025ல் மூன்று விஷயங்களைச் சுட்டிக்காட்டினார். அந்தரங்க விவரங்களைப் பார்ப்பது, முன்பின் தெரியாதவர் எழுதியதைப் படிப்பது, வெளியே தகவல் அனுப்புவது. இந்த மூன்றும் ஒரே உதவியாளரிடம் சேர்ந்தால் ஆபத்து. ஏதாவது ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் இதற்கு அர்த்தம் எளியது. பில் பாக்கி பார்க்க வேண்டுமா? பில் இருக்கிற ஃபோல்டரை மட்டும் இணையுங்கள். பார்க்கிற உரிமை போதுமென்றால் எழுதுகிற உரிமை எதற்கு? மெயில் எழுதித் தரட்டும். அனுப்புகிற பட்டனை நீங்கள் அழுத்துங்கள். வேலை முடிந்ததும் சாவியைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

'எல்லாவற்றையும் இணைக்க அனுமதி' என்று ஒரு பட்டன் வரும். பளபளவென்று, பெரிதாகத்தான் இருக்கும். அதை அழுத்துவதற்கு முன்னால், தனக்கு இட்ட வேலையை ஒழுங்காகச் செய்து முதலாளியின் கணக்கை அழித்த அந்த அப்பாவி கம்பைலரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். விரல் தானாக அடுத்த பட்டனுக்கு நகரும்.