எல்லோரும் ஏன் ஸ்பெயினுக்கே போகிறார்கள்?



சென்ற மாதம் மாலை நடைப்பயிற்சியின்போது, மகள் குடும்பத்தோடு ஸ்பெயின் போய் வந்த நண்பர் ஒருவர் செல்போனில் படங்களைக் காட்டினார். பக்கத்தில் நின்ற இன்னொருவர், “நம்ம நாட்டுல இல்லாத கடலா, மலையா சார்? உலகமே ஏன் அங்க போய் விழுது?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. 2024ஆம் ஆண்டில் ஸ்பெயினுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 9.4 கோடி பேர். அந்நாட்டின் மக்கள்தொகையே 4.9 கோடிதான். அதே ஆண்டில் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறக்குறைய ஒரு கோடி. அழகு மட்டுமே காரணம் என்றால் இந்தக் கணக்கு ஒத்துவராது. ஸ்பெயினின் கடலும் வெயிலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கேயே இருக்கின்றன. பெருங்கூட்டம் வரத் தொடங்கி சுமார் எழுபது ஆண்டுகள்தான் ஆகின்றன. அப்படியானால் இடையில் என்ன நடந்தது?

முதலில் வேண்டியது லீவு. பிரான்சில் 1936ல் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை சட்டமாயிற்று. பிரிட்டனில் சம்பள விடுமுறைச் சட்டம் 1938ல் வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து நிலைமை சீரானதும், சாதாரணக் குடும்பங்களின் கையிலும் கொஞ்சம் காசும் சில நாள் ஓய்வும் சேர்ந்தன. பிரிட்டிஷ்காரர்கள் பிளாக்பூல், மார்கேட் போன்ற தங்கள் ஊர்க் கடற்கரைகளுக்குத்தான் போனார்கள். ஆனால் அங்கே மழையை நம்ப முடியாது. ஒரு வார லீவில் நான்கு நாள் மழை பெய்தால் ஓராண்டுச் சேமிப்பு வீண்.

1950ல் விளாடிமிர் ரைட்ஸ் என்பவர் ஒரு வழி கண்டார. ஒரு விமானத்தை மொத்தமாக வாடகைக்கு எடுத்து, பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 32 பவுண்டு 10 ஷில்லிங் என்று விலை வைத்து, மத்தியதரைக் கடலில் உள்ள கோர்சிகா தீவுக்கு ஆட்களை அழைத்துப் போனார். தங்கியது கூடாரத்தில்தான். ஆனால் வெயில் உறுதி. நாம் இன்று ‘பேக்கேஜ் டூர்’ என்று சொல்வதன் விமானக்கால வடிவம் அங்கே தொடங்கியது.

ஸ்பெயின் அப்போது உள்நாட்டுப் போரில் நொறுங்கி, பிராங்கோவின் சர்வாதிகாரத்தில் தனித்துக் கிடந்த ஏழை நாடு. 1959ல் அந்நியச் செலாவணிக் கையிருப்பு ஏறக்குறைய காலி. வேறு வழியின்றிப் பொருளாதாரத்தைத் திறந்தார்கள். டாலருக்கு 42 பெசெட்டா என்றிருந்த மதிப்பை 60 ஆக்கினார்கள். வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், 4,200 பெசெட்டா ஓட்டல் பில்லுக்கு முன்பு 100 டாலர் தேவை. பிறகு 70 டாலர் போதும். மேற்கு ஐரோப்பியர்களுக்கு விசாத் தொல்லையும் 1950களின் இறுதிக்குள் நீங்கியது. 1960ல் சுமார் 60 லட்சமாக இருந்த பயணிகள் 1973ல் 3.4 கோடியைத் தாண்டினார்கள். வர்த்தகப் பற்றாக்குறையில் பெரும்பங்கை இவர்கள் கொண்டுவந்த காசே ஈடுகட்டியது.

பெனிடார்ம் என்ற ஊரைப் பாருங்கள். 1950ல் மூவாயிரம் பேர்கூட இல்லாத மீனவ ஊர். அதன் மேயர் பெத்ரோ சரகோசா காலத்தில், 1956ல், நகரத் திட்டம் போட்டு உயரமான கட்டடங்களுக்கு வழி செய்தார்கள். கடற்கரையில் பிகினி உடைக்குத் தேவாலயத் தரப்பு எதிர்ப்புத் தெரிவித்தபோது, மேயர் வெஸ்பா ஸ்கூட்டரிலேயே மாட்ரிட் வரை போய் பிராங்கோவைப் பார்த்து ஆதரவு கேட்டார் என்று இன்றும் கதை சொல்வார்கள். அந்தக் கடற்கரை முழுவதும் ஓட்டல் கட்ட முதலுக்கு எங்கே போனார்கள்? பிரிட்டிஷ், ஜெர்மானிய சுற்றுலா நிறுவனங்களே பல இடங்களில் முன்பணம் கொடுத்தன. பதிலுக்கு இத்தனை அறைகள், இத்தனை ஆண்டுகள், இன்ன விலைக்கு என்று எழுதி வாங்கிக்கொண்டன. நம் ஊரில் அறுவடைக்கு முன்பே மாந்தோப்பைக் குத்தகை பேசுவது போலத்தான்.

1966ல் பிரிட்டன் அரசு, வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு ஓர் ஆள் 50 பவுண்டுக்கு மேல் எடுத்துப் போகக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. அந்தத் தொகைக்குள் விடுமுறையை முடிக்க மலிவான ஸ்பெயின் தோதாக இருந்தது.

எதிர்க்கரையில் அல்ஜீரியா இருக்கிறது. அதே கடல், அதே வெயில். ஆனால் அங்கே 1954 முதல் 1962 வரை விடுதலைப் போர். அதன்பின் எண்ணெயும் எரிவாயுவும் வருமானம் தந்ததால் சுற்றுலாவை அவ்வளவாக வளர்க்கவில்லை. உலகில் வெளிநாட்டுப் பயணங்களில் ஐந்தில் நான்கு பங்கு அவரவர் கண்டத்தை ஒட்டியே நடக்கின்றன. இரண்டு மணி நேர விமானத் தூரத்தில் பணக்கார அண்டை வீட்டார் இருந்தது ஸ்பெயினின் அதிர்ஷ்டம். நமக்கு அது அமையவில்லை.

நான் அந்நியச் செலாவணிப் பிரிவில் சில காலம் வேலை பார்த்தேன். டிராவலர்ஸ் செக் வாங்க வருபவர்களில் “எந்த ஊர் அழகு?” என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. “எவ்வளவு தருவீர்கள், விசா கிடைக்குமா, யாராவது அங்கே இருக்கிறார்களா?” இவைதான் கேள்விகள். ஆசை எங்கும் போகும். கால், கைக்காசும் காகிதமும் விட்ட இடத்துக்குத்தான் போகும்.

இந்தக் கணக்கின் பற்றுப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2024ல் கனாரித் தீவுகள், மயோர்கா, பார்சிலோனா ஆகிய இடங்களில் உள்ளூர் மக்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்து, “எங்களுக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை” என்று போராடினார்கள். குடியிருப்பு வீடுகள் பயணிகளுக்கான தினவாடகை வீடுகளாக மாறிவிட்டதே முக்கியப் புகார். சுமார் 10,000 சுற்றுலா வீட்டு உரிமங்களை 2028க்குள் முடித்துக்கொள்ளப்போவதாகப் பார்சிலோனா நகராட்சி அறிவித்தது. 2025 ஏப்ரல் முதல் அந்நாட்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் புதிதாகச் சுற்றுலா வாடகை தொடங்க, உரிமையாளர்களில் ஐந்தில் மூன்று பங்கினரின் சம்மதம் வேண்டும்.

நம் வளாகத்திலும் இரண்டு மூன்று பிளாட்டுகளைத் தினவாடகைக்கு விடலாமா என்ற பேச்சு எழுந்து, அடுத்த பொதுக்குழுவின் பொருள்பட்டியலில் இருக்கிறது. வருமானம் வேண்டும் என்பவரும் நம்மவர்தான். ராத்திரி லிஃப்டில் முகம் தெரியாதவரைப் பார்த்துப் பயப்படும் பாட்டியும் நம்மவர்தான். ஸ்பெயின் மக்களிடம் தொடக்கத்தில் யாரும் கேட்கவில்லை. அறுபது ஆண்டு கழித்துத்தான் கேட்டார்கள். நம்மிடம் முன்கூட்டியே கேட்கிறார்கள். தயவுசெய்து அனைவரும் கூட்டத்துக்கு வந்து உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.