வால்பாறை

கோவை மாவட்டத்தின் தென்கோடியில், ஆனைமலைத் தொடரில் சுமார் 3,500 அடி உயரத்தில் உள்ள மலை நகரம்; வட்டத் தலைமையிடம். கோவை நகரின் பீளமேட்டிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனாலும் ரயில் கிடையாது. பொள்ளாச்சி வழியாக வருவோர் ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். இன்னொரு வழி மளுக்கப்பாறைக் காட்டினூடே சாலக்குடிக்கு இறங்குகிறது. ஊரைச் சுற்றி நாற்புறமும் காடு.

அந்தக் காட்டில் முதலில் வாழ்ந்தவர்கள் காடர், முதுவர், மலைமலசர் முதலிய பழங்குடியினர். தேனும் கிழங்கும் அவர்களுக்கு உணவு; யானைத் தடங்களே பாதை. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே காப்பி பயிரிட்டுப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 1890-களில் தேயிலை வந்தது. அதற்கு முன்நின்ற தோட்டக்காரர்களில் ஒருவரான கார்வர் மார்ஷுக்குக் கவர்க்கல் அருகே சாலையோரம் சிலை இருக்கிறது. ஒன்பதாவது வளைவின் காட்சி முனைக்கு, சாலை அமைத்த லோம் என்பவரின் பெயர். காட்டை வெட்டிச் செடி நட்டவர்களின் பெயரில் அப்படி ஓர் இடமும் இல்லை. வால்பாறை வரலாற்றின் பெரிய குறை இதுதான்.

மழை பொய்த்த ஊர்களில் முன்பணம் கொடுத்துக் கங்காணிகள் குடும்பம் குடும்பமாக ஆள் சேர்த்தார்கள். மேலே வந்தவர்களுக்குக் காத்திருந்தவை அட்டை, மலேரியா, தீராத கடன். வாங்கிய முன்பணம் கழியும்வரை திரும்ப முடியாது, பலர் திரும்பவேயில்லை. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல், தொழிலாளர்களிடம் கேட்டறிந்தவற்றை வைத்து 1969-இல் எழுதிய ஆங்கில நாவலை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். பாலாவின் ‘பரதேசி’ (2013) திரைப்படம் அதிலிருந்து பிறந்தது. வால்பாறைக்குப் புறப்படுமுன் அந்த நாவலைப் படித்துவிடுங்கள். பச்சைச் சரிவு வேறாகத் தெரியும். இப்போது இளைய தலைமுறை திருப்பூர், கோவை ஆலைகளுக்கு இறங்கிவிட, நகரின் மக்கள்தொகை 2011-இல் சுமார் 70 ஆயிரமாகக் குறைந்தது. கொழுந்து பறிக்க வடமாநிலத்தார் வருகிறார்கள்.

கொங்குச் சமவெளிக்கு இந்த மலை தந்தது தேயிலை மட்டுமல்ல. சின்னக்கல்லாறு தமிழகத்தில் மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று. மேற்கே ஓடிய அந்த நீரைக் கிழக்கே திருப்பியதே பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம். நீராற்று நீர் சுரங்கம் வழியே 160 அடி சோலையாறு அணைக்கு வருகிறது. அங்கிருந்து பரம்பிக்குளம், தூணக்கடவு, சர்க்கார்பதி மின்நிலையம் என இறங்கித் திருமூர்த்தி, ஆழியாறு அணைகளைச் சேர்கிறது. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், காங்கயம் பக்கத்தில் 4 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். கேரளத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தான ஆண்டு 1970.

சரணாலயமாக இருந்த சுற்றுக்காடு 2007-இல் ஆனைமலைப் புலிகள் காப்பகமாயிற்று. தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக எஞ்சிய சோலைகளில்தான் இருவாச்சியும் சிங்கவால் குரங்கும் பிழைத்திருக்கின்றன. அழிந்த சோலைகளில் அந்த மண்ணுக்குரிய மரங்களையே நட்டு மீட்கும் பணியைச் சூழலியலாளர்கள் திவ்யா முத்தப்பா, டி.ஆர். சங்கர் ராமன் ஆகியோர் இருபதாண்டுகளுக்கும் மேலாகச் செய்து வருகிறார்கள். யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் ஊராருக்கு முன்கூட்டியே அறிவிக்கும் முறையை வளர்த்த ஆனந்தகுமாருக்கு 2015-இல் விட்லி விருது கிடைத்தது. மனிதரும் யானையும் சாகாமல் காக்கும் இந்த வேலையைவிடப் பெருமை இவ்வூருக்கு வேறில்லை.

காட்டின் முதல் குடிகளின் கதை வேறு: 2019 மழையில் மண் சரிந்து வீடிழந்த கல்லாறு காடர்கள், போராடி 2021-இல்தான் தெப்பக்குளமேட்டில் நிலவுரிமை பெற்றார்கள்.

காண வேண்டியவை: கூழாங்கல் ஆறு, நல்லமுடிப் பூஞ்சோலைக் காட்சிமுனை, சோலையாறு அணை, வழியில் குரங்கு அருவி, வளைவுகளின் பாறைகளில் வரையாடு. அக்காமலைப் புல்மேட்டுக்கு வனத்துறை அனுமதியின்றிச் செல்ல முடியாது. 2025 நவம்பர் 1 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலைக்கே இறங்கி வரும்; தீனி போடாதீர்கள், வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். அங்கே அவை சக்கரங்களில் அடிபட்டுச் சாகின்றன.