தட்டு சாய்ந்தால் தரம் சாயும்



மலருக்கு ஏதாவது எழுதச் சொன்னார்கள். கவிதை நமக்கு வராது. ஆகவே, எனக்குச் சோறு போடும் காய்ச்சி வடிக்கும் கோபுரத்தின் சரித்திரத்தையே எழுதுகிறேன்.

1813-ல் பிரான்சில் செல்லியே புளூமந்தால், இடைவிடாமல் வடிக்கும் கோபுரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1830-ல் அயர்லாந்தின் ஈனியாஸ் காஃபி இன்னொரு அமைப்பைக் கொண்டு வந்தார். அவர் கலால் அதிகாரியாக இருந்தவர் என்பதுதான் வேடிக்கை! சாராயத்துக்குப் பிறந்த கோபுரம் பின்னாளில் எண்ணெய்க்கும் வந்தது. நம் மாநிலத்தில் 1965-ல் உருவான மெட்ராஸ் ரிஃபைனரீஸ், 1969-ல் மணலியில் ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனோடு ஓடத் தொடங்கியது. 1993-ல் நாகை அருகே 5 லட்சம் டன்னில் இன்னொரு ஆலை வந்தது.

கோபுரத்துக்குள்ளே தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். மேலிருந்து திரவம் இறங்கும், கீழிருந்து ஆவி ஏறும். தட்டின் ஓரத்தில் ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் வரப்பு கட்டித் திரவத்தை நிறுத்துவார்கள். ஆவி அதனூடே குமிழிவிட்டுப் போகும்போதுதான் பிரிவினை நடக்கிறது.

சூலூர்ப் பக்கம் தோட்டத்தில் தண்ணீர் கட்டியவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. பாத்தி சமமில்லாவிட்டால் பள்ளத்தில் தண்ணி தேங்கும், மேட்டுப் பயிர் காயும். இங்கேயும் அதேதான். 3 மீட்டர் அகலத் தட்டு 1 டிகிரி சாய்ந்தால், இரு ஓரங்களுக்கும் 52 மில்லிமீட்டர் வித்தியாசம். வரப்பே அவ்வளவுதானே! ஆவி மேட்டுப் பக்கமாகத் தப்பிவிடும். பள்ளத்தில் திரவம் துளை வழியே ஒழுகிவிடும். கால் டிகிரி சாய்ந்தால் 30 மீட்டர் கோபுரத்தின் உச்சி 13 சென்டிமீட்டர்தான் விலகும். கண்ணுக்குத் தெரியாது, தட்டுக்குத் தெரியும்.

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் சரக்கின் தரம் இறங்கியது. பழி ஷிப்ட் ஆபரேட்டர் தலையில் விழுந்தது, மெமோவும் கொடுத்தாயிற்று. ஆவியைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார், பாவம். ஷட்டவுனில் உள்ளே இறங்கிய வயதான ஃபிட்டர் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "அவரு மேல தப்பில்லீங்க, தட்டுதான் சாஞ்சு கெடக்குதுங்க" என்றார். சமன் செய்ததும் தரம் திரும்பியது. மெமோவை மட்டும் யாரும் திரும்பப் பெறவில்லை.

நிலத்திலாவது ஒருமுறை சமன் செய்தால் போதும். கடலில்? 1977-ல் ஸ்பெயின் கடலில் ஷெல் நிறுவனத்தின் காஸ்டெல்லான் கப்பல் எண்ணெயைப் பதப்படுத்திச் சேமிக்கத் தொடங்கியது. 2008-ல் நம் வங்கக் கடலுக்குத் திருபாய்-1 வந்தது. 2016-ல் மலேசியாவின் பெட்ரோனாஸ் கப்பலிலேயே எரிவாயுவைத் திரவமாக்கியது. அலையில் ஆடும் கோபுரத்தில் திரவம் சுவரோரமாக ஒதுங்கிவிடும். அதனால் தட்டுக்குப் பதிலாக நெளிதகடு அடுக்குகளை வைத்து, திரவம் பரப்பும் தொட்டியை அறை அறையாகத் தடுத்து, வழியில் மறுபடி மறுபடி பரப்பிவிடுகிறார்கள். இருநூறு ஆண்டு கழித்தும் பாத்திக் கணக்கு தீரவில்லை பாருங்கள்!

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் கணக்கில் தட்டு எப்போதும் சமமாகவே இருக்கும்; ஆலையில் அப்படி இருக்காது. உங்கள் கையெழுத்துக்கு மதிப்பு வரும் நாளில், ஒருவர் மேல் குற்றம் எழுதுமுன் ரசமட்டத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதைப் பிடிக்கத் தெரிந்த ஃபிட்டருக்கு ஒரு நாற்காலியும் போடுங்கள்.

வாழ்க நம் கல்லூரி!