திப்புவின் புலி

திப்புவின் புலி, மைசூரை 1782 முதல் 1799 வரை ஆண்ட திப்பு சுல்தானுக்காகச் செய்யப்பட்ட இயந்திரப் பொம்மை. மல்லாந்து கிடக்கும் ஐரோப்பியன் ஒருவனின் குரல்வளையைப் புலி கவ்வுவதாக மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். நீளம் 178 செ.மீ., உயரம் 71 செ.மீ. இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

பின்னணி

புலி திப்புவின் அரசச் சின்னம். அவருடைய தந்தை ஹைதர் அலியின் காலத்திலேயே மைசூருக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போர் தமிழ்நாட்டு மண்ணைத் தொட்டது. 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பினிப் படை தோற்றது. 1782 ஜூன் 2 அன்று, ஆரணியில் ஹைதரின் படையும் கும்பினித் தளபதி அயர் கூட்டின் படையும் மோதின.

பிரிட்டிஷ் தளபதி ஹெக்டர் மன்றோவின் மகனை 1792இல் வங்காளத்தின் சாகர் தீவில் புலி அடித்துக் கொன்றது. அதன் நினைவாகவே பொம்மை செய்யப்பட்டது என்பார்கள். ஆனால் திப்புவுக்காக 1787–88இல் செய்த துப்பாக்கி ஒன்றின் வெள்ளிப் பூணிலேயே ஐரோப்பியனைப் புலி தாக்கும் உருவம் இருக்கிறது. எனவே இந்தக் கருத்து மன்றோ மகனின் சாவுக்கு முந்தியது.

இயக்கம்

புலியின் பக்கவாட்டில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் உள்ளிருக்கும் துருத்திகள் இயங்கும். மனிதனின் தொண்டைக் குழலில் காற்று புகுந்து ஓலம் எழும். இடக்கை மேலும் கீழும் அசையும். புலியின் தலையிலுள்ள தனிக்குழல் விட்டுவிட்டு உறுமும். விலாவில் உள்ள மூடியைத் திறந்தால் 18 பொத்தான்கள் கொண்ட சிறு ஆர்கன் தெரியும். அதில் பாட்டும் வாசிக்கலாம்.

சேதமும் சீரமைப்பும்

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு மாண்டார். அரண்மனை இசைக்கருவி அறையில் கிடைத்த புலி லண்டனுக்குப் போனது.

1808 முதல் புலி கும்பினியின் லண்டன் தலைமையகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டது. வந்தவர்களெல்லாம் கைப்பிடியைச் சுற்றினார்கள். நாளடைவில் கருவி தேய்ந்தது. கைப்பிடியும் காணாமல் போனது. சத்தம் ஓய்ந்ததில் அங்கிருந்த நூலக வாசகர்களுக்கு நிம்மதி. 1880இல் புலி இன்றைய அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது.

இரண்டாம் உலகப் போரில் அருங்காட்சியகத்தின் கூரை புலிமேல் இடிந்து விழுந்தது. மரக்கூடு பல நூறு துண்டுகளாகச் சிதறியது. துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி, 1947க்குள் மீண்டும் காட்சிக்கு வைத்தார்கள்.

மரக்கூட்டைத் துண்டு சேர்த்து மீட்க முடிந்தது. ஒலியை அப்படி மீட்க முடியவில்லை. பலமுறை பழுது பார்த்ததில் ஆர்கனின் பழைய இயக்கமுறை மாறிவிட்டது. துருத்தி, குழல் போன்ற பகுதிகளில் செய்யும் சிறு மாற்றமும் சுருதியை மாற்றிவிடும். பழைய இயந்திரப் பொம்மைகளைச் சீரமைப்பவர்கள் எதிர்கொள்ளும் சிக்கலும் இதுவே: ஓட வைப்பதற்காகப் புதிய உறுப்பு சேர்த்தால் பழைய கைவேலையின் சான்று அழியும், அப்படியே விட்டால் பொம்மை ஊமையாகும்.

இன்று புலியை அரிதாகவே இயக்குகிறார்கள். அப்போது எழும் ஒலியில் ஒரு பகுதி மைசூருடையது. மறுபகுதி லண்டன் பழுதுபார்ப்பாளர்களுடையது.