ரப்பர் வைத்திருந்த அனானிகள்

யார் வேணா வரலாம், பேர் சொல்ல வேணாம், என்ன வேணா எழுதலாம்னு ஒரு இடத்தைத் திறந்து விட்டா, அங்க சேர்ற குப்பையை யார் அள்ளுவாங்க? "அதுக்கு நாலு நல்லவங்க வருவாங்கப்பா"ன்னு சுலபமா சொல்லிடுவோம். ஜப்பான்ல அந்த நாலு பேரை நம்பியே ஒரு பெரிய அனானி உலகத்தை நடத்திப் பாத்தாங்க. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

1999 மே 30. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் படித்துக்கொண்டிருந்த ஹிரோயுகி நிஷிமுரா என்ற ஜப்பானிய மாணவர் '2சானல்' என்ற விவாதப் பலகையை ஆரம்பித்தார். அதுக்கு முன்னாடி ஜப்பான்ல 'அமேஸோ'ன்னு ஒரு பலகை இருந்தது. வம்பு பண்றவங்க தொல்லையில அது தள்ளாடிட்டு இருந்த நேரம். அங்கே இருந்தவங்களுக்கு இன்னொரு இடமாத்தான் இது வந்தது. பேர்ல இருக்கும் அந்த '2'க்கு அர்த்தமும் அதுதான்.

கணக்கு துவங்க வேணாம், கடவுச்சொல் வேணாம். பேர் போடலைன்னா 'நானஷி சான்', அதாவது 'பேரில்லாதவர்'னு அதுவே போட்டுக்கும். ஒரு இழையில் ஆயிரம் மறுமொழி ஆனா இழை மூடிடும். சமையல்லேர்ந்து அரசியல் வரை எல்லாத்துக்கும் தனித்தனிப் பலகை.

இத்தனையையும் ஒரு ஆள் பாத்துக்க முடியுமா? அங்கதான் 'சகுஜோநின்' வர்றாங்க. நேரா சொன்னா 'அழிக்கிற ஆள்'. எல்லாரும் தன்னார்வலர்கள், சம்பளம் கிடையாது. இவங்களும் புனைபெயர்லதான் இருந்தாங்க. பேருக்குப் பக்கத்துல ஒரு கறுப்பு நட்சத்திரம் இருக்கும், அதான் அடையாளம். மத்தவங்க அந்த நட்சத்திரத்தைத் தட்டினா உள்ளே வெள்ளையா மாறிடும். போலி போலீஸ் வரக் கூடாது இல்லையா!

இவங்க ஒரு மறுமொழியை அழிச்சா பொதுவா அது சுத்தமாக் காணாமப் போகாது. எண் அப்படியே இருக்கும். பேர், தேதி, எழுத்து எல்லா இடத்துலயும் 'அபோன்'னு ஒரு வார்த்தை மட்டும் நிக்கும். இங்க எதையோ அழிச்சிருக்கோம்னு ஊருக்கே தெரியும். அழிக்கச் சொல்லிக் கேக்கிறதும் அப்படித்தான். அதுக்குன்னே இருக்கும் பலகையில, எல்லார் கண்ணு முன்னாடியும் எழுதிக் கேக்கணும். காதோட காதா பேசி முடிக்கிற வேலை கிடையாது.

ஒரு புரோகிராமரா எனக்கு இது ரொம்பப் பிடிச்சது. நல்ல டிசைன்யா! தன்னார்வலர்கள் மேல எனக்கு மரியாதை வர இன்னொரு காரணமும் உண்டு. 2001 ஆகஸ்டில் சர்வர் செலவு எகிறி, பல பலகைகளை மூட வேண்டிய நிலை. அப்போ யுனிக்ஸ் பலகையில இருந்த பேரில்லாதவங்க ஒண்ணு கூடி, இழைகளைக் காட்டும் நிரலைத் திருத்தி எழுதினாங்க. அனுப்பும் தரவை அமுக்கிச் சுருக்கி, போக்குவரத்தை வெகுவாகக் குறைச்சாங்க. 2சானல் பிழைச்சது. காசும் இல்ல, பேரும் இல்ல. ஆனாலும் செஞ்சாங்க.

ஆனா அதே 2001ல் இன்னொரு பக்கமும் நடந்தது. செல்லப்பிராணிகள் பலகையில ஒரு கால்நடை மருத்துவமனையைப் பத்திக் கேவலமான வசவுகள் குவிய ஆரம்பிச்சது. அழிக்கச் சொல்லிக் கேட்டாங்க. அழியலை. அவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. திட்டினவன் யாருன்னு தெரியாது. நியாயம் கேக்கணும்னா, திட்டு வாங்கின இடத்தை ஊருக்கே சுட்டிக் காட்டிக் கேக்கணும். கேட்டாலும், அழிக்கிறது தன்னார்வலர் மனசு வெச்சாத்தான். அவருக்கு அழிக்க அதிகாரம் உண்டு, அழிச்சே ஆகணும்னு கடமை கிடையாது. எனக்குப் பிடிச்ச அதே டிசைன்தான்!

மருத்துவமனைக்காரங்க தன்னார்வலர்களைத் தேடலை, நடத்துபவர் மேல வழக்குப் போட்டாங்க. 2002 ஜூன் 26ல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: அவதூறுன்னு தெரிஞ்ச பிறகும் அழிக்காம விட்டது தப்பு, 40 லட்சம் யென் நஷ்டஈடு. எழுதினவங்களைக் கண்டுபிடிக்க வழியில்லாதபடி இடத்தை நடத்தினா, அதுக்கான பொறுப்பும் உன்னோடதுதான் என்பது அதன் சாரம். அந்த டிசம்பரில் உயர் நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. 2003 ஜனவரியில் 2சானல் எழுதுபவர்களின் ஐபி எண்ணைச் சேமிக்க ஆரம்பிச்சது. முழு அனானிமை அதோட முடிஞ்சது.

பிறகு 2014ல் நிர்வாகம் நிஷிமுராவின் கையை விட்டுப் போனது; 2017 அக்டோபரில் பேர் '5சானல்' ஆனது. ஆனா அந்த முறை ஜப்பானோட நிக்கலை. 2001 ஆகஸ்ட் நெருக்கடியில் புகலிடமா முளைச்ச 'ஃபுதாபா' பலகையின் நிரலை எடுத்துத்தான் 2003 அக்டோபரில் அமெரிக்காவில் '4சான்' பிறந்தது. அங்கயும் அழிக்கிற வேலைக்குச் சம்பளமில்லாத ஆட்கள்தான்.

எங்க டீம்ல ஒரு பழக்கம். பக் டிக்கெட்டுக்கு ஆள் பேர் போடாம விட்டா, எல்லாரும் பாப்பாங்க, யாரும் தொட மாட்டாங்க. கேட்டா, "யாராவது பாத்துப்பாங்கன்னு நெனச்சேன்". ஒருத்தரும் கெட்டவங்க இல்ல. அந்த அழிக்கிற ஆட்களையும் நான் குறை சொல்லலை. ராத்திரி கண்ணு முழிச்சு அடுத்தவன் வாந்தியைத் துடைச்சவங்க அவங்க. ஆனா அவங்க இருக்காங்கன்னு சொல்லியே நடத்துபவர் கை கழுவ முடியாது. டிக்கெட்டுல அவர் பேர் இருந்தே ஆகணும். அந்தத் தீர்ப்பை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

டிஸ்கி: அனானிமை வேணாம்னு நான் சொல்லலை. ஆபீஸ் பயம், வீட்டுப் பயம் இல்லாம உண்மை பேச அது வேணும். மறுத்துப் பேசறவங்க தாராளமா வாங்க. பேர் போடாட்டியும் பரவால்ல :)